ஆணிக்கால் பூட்டுமுன்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.

அன்புள்ள தம்பி,

நாங்கள் சுகம். சிறுபோகம் விதைத்தாயிற்று, இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. அம்மாவின் முழங்கால் நோ முந்திப் போலத்தான். மற்றப் புதினங்களைத் தங்கச்சி சொல்லியிருப்பாள்.

நீ சப்வூஃபருக்கு, அந்த அடித்தொனி (பேஸ்) ஸ்பீக்கர் பெட்டிக்கு, ஸ்பைக் கால் வாங்கி வைத்திருக்கிற படத்தை அவள்தான் காட்டினாள். நாலு கால், சீவின பென்சில் மாதிரி நுனி. "பெட்டியில் துளை போடலாமா என்று அண்ணா கேட்கிறார்" என்றாள். முப்பது வருசம் ரேடியோ திருத்தினவன் நான் வீட்டில் இருக்கிறேன், நீ தங்கச்சியிடம் கேட்கிறாய். சரி, கேட்டாயே, அது போதும்.

படம் வந்தபோது இங்கே மத்தியானம் பன்னிரண்டரை. உனக்கு விடியப்புறம் மூன்று மணி. அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி உன் அறையைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன். நல்ல பெட்டி. உன் உழைப்பில் வாங்கினது, சந்தோசம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள். ஆணிக்கால் சத்தத்தை விழுங்காது. கம்பளம் விரித்த அறையில் பெட்டி பஞ்சின் மேல் நின்று ஆடும். கூர் நுனி கம்பளத்தைக் கடந்து அடித்தளத்தில் ஊன்றினால் ஆட்டம் நிற்கும். அதற்குத்தான் அது. ஆனால் நீ இருப்பது மரத்தளம் போட்ட மேல்மாடி, கீழே வேறு குடும்பம். பெட்டியின் அதிர்வைக் கூர்க்கால் அப்படியே தளத்துக்குக் கொடுக்கும், தளம் கீழ்வீட்டுக் கூரையாக இருந்து அடிக்கும். அவர்கள் முறைப்பாடு சொன்னதால்தான் இதை வாங்கினாய் என்றால், வாங்கவேண்டியது வேறு: தடித்த இறப்பர், இல்லாவிட்டால் இறுக்கமான ஸ்பொஞ்சின் மேல் பாரமான கற்பலகை. அதுவும் தளத்தால் போகிற அதிர்வைத்தான் குறைக்கும். 40 ஹேர்ட்ஸ் பேஸ் ஒலியலை ஒன்றின் நீளம் 8.5 மீற்றர், உன் அறையைவிடப் பெரிது. சுவர் அதை மறிக்காது. பெட்டியை மூலையிலிருந்து வெளியே இழு. இரவில் பேஸைக் குறை. இரவில் போடாமல் விட்டால் இன்னும் நல்லது.

இல்லை, பூட்டத்தான் போகிறேன் என்றால் கவனமாகச் செய். கரண்டைக் கழற்று. பெட்டியைத் தனியத் தூக்காதே, ஆரையும் கூப்பிடு. கூப்பிட ஆராவது இருக்கினமா? தலையணையின் மேல் கவிழ்த்து வை, ஸ்பீக்கரின் கோனில் கை படக்கூடாது. இப்போது இருக்கும் இறப்பர்க் காலைக் கழற்றினால் அநேகமாகப் புரி வெட்டின ஓட்டை இருக்கும், துளையே தேவைப்படாது. அங்கே இரண்டு அளவு வரும். ஒன்று 6 மில்லிமீற்றர், மற்றது கால் அங்குலம், அதாவது 6.35. பார்வைக்கு ஒன்றுதான். கையால் நாலு சுற்று இலகுவாகப் போகவேண்டும். இறுகினால் அது வேறு புரி, முறுக்கி உடைக்காதே. புரியே இல்லாமல் துளை போடுவதென்றால், 18 மில்லிமீற்றர்ப் பலகையில் 12க்கு மேல் இறங்காதே. துளைக்கும் கம்பியில் ரேப் சுற்றி அடையாளம் வை. மறுபக்கம் வெளித்தால் காற்று ஒழுகி, பேஸ் வரும்போது விசிலடிக்கும். பூட்டின பிறகு எதிரெதிர் மூலைகளை அமத்திப் பார். ஆடினால் குட்டையான காலை வெளியே திருகி, நட்டை இறுக்கு. வெறுந்தரையில் வைப்பதென்றால் ஒவ்வொரு நுனிக்கும் கீழே ஒரு காசுக்குத்தி.

இரவில் போடாதே, தம்பி. நித்திரை முக்கியம்.

நீ பிறந்த 1996இல் பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் பி.பி.சி. தமிழோசை கேட்போம். நீ அம்மாவின் மடியில். செய்தி முடிந்து சில்லு நின்றால் முழித்து அழுவாய். உனக்காகவே ரேடியோவைக் கழற்றிவிட்டுச் சும்மா சுற்றியிருக்கிறேன். அந்த இரைச்சலில்தான் நித்திரை கொள்வாய்.

அதை நினைத்தபடி இருந்தபோதுதான் மற்றதும் வந்தது. எழுதிவிடுகிறேன். 2013, யாழ்தேவி ரயில் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்த வருசம். நீ ஒட்டுப்பலகையில் பத்து அங்குல ஸ்பீக்கர் பூட்டிப் பெட்டி செய்தாய். நான் வந்து வயரைப் பிடுங்கி, உன் சிநேகிதப் பொடியன்கள் முன்னால் உனக்கு அடித்தேன். படிப்பில்லாமல் பாட்டா என்று கத்தினேன். படிப்புக்காக அடிக்கவில்லை. பங்கருக்குள் இருந்தபோது எறிகணை விழுவது காதுக்கு முன் காலுக்குத் தெரியும், நிலம் காற்றைவிடக் கெதியாகக் கொண்டுவரும். அன்று வாசலில் செருப்பைக் கழற்றி விறாந்தையில் வெறுங்கால் வைத்தேன். உள்ளங்காலில் அது ஏறிற்று. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். பொடியன்கள் பார்த்தார்கள். அந்த வெட்கத்தில் அடித்தேன். நீயும் அதே பங்கருக்குள் இருந்தவன். உனக்கு எப்படி இருக்கிறதென்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒரு திருத்த வேலையும் கேட்டதில்லை. பிழை என்னுடையது.

அந்தப் பெட்டி நெல்மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது, எறியவில்லை. உனக்குப் பதில் எழுதமுன் பார்ப்போம் என்று போன கிழமை எடுத்துத் தூசி தட்டி, நாலு போல்டின் நுனியை அராவிப் பூட்டினேன். சீமெந்து நிலத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அம்மாவின் மர வாங்கில் ஏற்றினால் வாங்கு முழுக்கக் கிறுகிறுத்தது. நுனிகளுக்குக் கீழே லொறி ரியூப்பை நாலாக மடித்து வைத்தேன், நன்றாகக் குறைந்தது. கை வைத்தும் பார்த்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தும் பார்த்தேன். ஒரு பாட்டு முடியும்வரை வைத்திருந்தேன். அம்மா பக்கத்தில் நின்றாள்.

ஆனபடியால் உனக்கும் இறப்பர்தான் சரி. ஆனாலும் அந்தப் புரி 6ஆ, கால் அங்குலமா என்று அளந்து சொல். தங்கச்சியிடம் சொல்லாதே. ஞாயிறு காலை ஏழுக்கு நீ எடுக்கும்போது நான் வயலில் நிற்பேன் என்பது உனக்குத் தெரியும். இந்த ஞாயிறு பத்து மணிவரை நான் வயலுக்குப் போகவில்லை. தண்ணீர் மாற்ற ஆள் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா