மழை நாளில செருப்போட உள்ளுக்க விடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

இந்த மழைக்கு வோட்டர்ப்ரூஃப் மேஸ், அதுதான் தண்ணி புகாத காலுறை, வாங்கலாமோ எண்டு எங்கட ஒபிஸில நாலு பேர் கேட்டுட்டினம், ஏனெண்டா ஒரு சோடி வச்சிருக்கிற ஆள் நான் மட்டும்தான், லண்டனில இருக்கிற மச்சான் போன வருசம் வரேக்க கொண்டுவந்து தந்தவன். ஒவ்வொருத்தருக்கும் சொல்லி வாய் நோகுது, அதான் உங்களுக்கு எழுதுறன்.

சாமான் பிழையில்ல. போட்டுக்கொண்டு வாளித் தண்ணிக்க காலை வச்சுப் பாத்தனான், ஒரு சொட்டு வரேல்ல. வெளியில நைலோன், உள்ளுக்க கம்பளி, நடுவில மெல்லிய சவ்வு மாதிரி ஒண்டு. தண்ணி அதுக்குள்ளால வராது, வேர்வை மட்டும் ஆவியா வெளிய போகும். போகும்தான், வெளியில குளிரும் காஞ்ச காத்தும் இருந்தா. கொழும்பில மழைக்கயும் 27, 28 டிகிரி, காத்து முழுக்க ஈரம், பிறகு ஆவி எங்க போறது? வெள்ளவத்தையில ரயில் ஏறி கோட்டையில இறங்க முதலே கால் அவிஞ்சு போச்சு. மழையில நனையேல்ல, வேர்வையில நனைஞ்சன்.

அது பரவாயில்ல எண்டு வைப்பம். இந்த மேஸ் கெண்டைக்கால் பாதிவரைக்கும்தான். காலி வீதியில ஒரு மணித்தியாலம் அடிச்சு ஊத்தினா கான் நிரம்பி றோட்டுக்கு வந்திடும், அதுக்க ஒரு பஸ் விசுக்கெண்டு போனா தண்ணி முழங்காலுக்கு எழும்பும். மேலால உள்ளுக்க போன தண்ணி பிறகு வெளிய வராது, அந்தச் சவ்வு உள்பக்கத்தாலயும் தண்ணியை விடாதுதானே. ரெண்டு காலிலயும் ஒவ்வொரு செம்புத் தண்ணியோட சளக் சளக் எண்டு ஒபிஸ் படி ஏறினன். உள்பக்கத்தை வெளிய திருப்பி ஃபேனுக்குக் கீழ போட்டும் காய ரெண்டு நாள் எடுத்தது.

ஹோட்டன் சமவெளிக்குப் போறவை வாங்கட்டும், 2,100 மீற்றர் உயரத்தில விடியக் குளிருக்க நல்லாத்தான் இருக்கும். சிங்கராஜக் காட்டுக்கு எண்டா அட்டை கடிக்காமப் போடுற அட்டை மேஸ், அது வேற சாமான், நெருக்கமா நெய்த துணி, தண்ணி போகும், அட்டை போகாது.

இங்க எங்களுக்குத் தேவை ஒரு பாட்டாச் செருப்பு. செருப்போட வந்து, சப்பாத்தையும் காஞ்ச மேஸையும் சொப்பிங் பேக்கில சுத்திக் கொண்டுவந்து, காலைச் சவுக்காரம் போட்டுக் கழுவித் துடைச்சிட்டு மாத்தினா முடிஞ்சுது. கழுவிறது முக்கியம், வெள்ளத்தில எலி மூத்திரம் கலந்திருக்கும், காயத்தாலயும் ஊறின தோலாலயும் எலிக்காய்ச்சல் கிருமி ஏறிடும், காலில புண் இருக்கிறவை அண்டைக்கு ஓட்டோ பிடிக்கிறதுதான் நல்லது. ஆனா செருப்போட வந்தா எங்கட வாசலில செக்கியூரிட்டி மறிக்கிறார், அவரில பிழையில்ல, மேல இருந்து ஓடர். பள்ளிக்கூடப் பிள்ளையள் இன்னும் பாவம், காலமை 7.30க்கு நனைஞ்ச வெள்ளைச் சப்பாத்தோட 1.30 வரைக்கும் இருக்குதுகள், விரலிடுக்கில சேத்துப்புண் வராம என்ன செய்யும்? மழை பெய்யிற நாளில மட்டும் செருப்போட வரலாம் எண்டு ஒரு சேர்க்குலர் போட அஞ்சு சதமும் செலவில்லையே ஐயா.

என்ர சோடி அலுமாரிக்க சும்மா கிடக்கு. ஆராவது நுவரெலியாப் பக்கம் போறவை கேட்டாத் தாறன், சைஸ் 9, மச்சானுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகன்