மொட்டை மாடிச் சாவியைக் கொடுங்கள்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சம்பளம் இல்லாத வேலை உங்களுடையது. மோட்டார் ஓடாவிட்டாலும், லிஃப்ட் நின்றாலும், தண்ணீர் லாரி வராவிட்டாலும் முதல் போன் உங்களுக்குத்தான் வருகிறது. அந்தச் சுமையோடு இன்னொன்றைச் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். மொட்டை மாடியில் காய்கறி வளர்க்க விரும்புகிறவர்களுக்கு அனுமதி கொடுங்கள். சாவியையும் கொடுங்கள்.

நான் வேளச்சேரியில் ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். இங்கே மாலை 6 மணிக்கு மாடிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். தெரிந்தவர்களிடம் விசாரித்தால் அவர்கள் குடியிருப்பிலும் இதே நிலைமைதான். சில இடங்களில் டேங்க் கழுவ வருபவரும் ஏசி பழுது பார்க்க வருபவரும் தவிர வேறு யாரும் மேலே ஏற முடியாது. பூட்டுவதற்குக் காரணம் உண்டு. குழந்தைகள் பாதுகாப்பு, வெளியாள் நடமாட்டம், எல்லாம் புரிகிறது. ஆனால் அந்த 6 மணிப் பூட்டு ஒரு கொடியை என்ன செய்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பீர்க்கம்பூ காலையில் விரியாது. வெயில் தாழ்ந்து, 5 மணிக்கு மேல்தான் மெல்ல அவிழும். ஆண் பூ கொத்தாக வரும். பெண் பூ தனியாக, அடியில் வரிவரியான ஒரு குட்டிப் பிஞ்சோடு வரும். தரையில் இருக்கும் தோட்டமாக இருந்தால் அந்திப்பூச்சியும் வண்டும் வந்து மகரந்தம் சேர்த்துவிடும். நான்காவது, ஐந்தாவது மாடிக்கு அவை ஏறி வருவது குறைவு. அதனால் நாமே ஓர் ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களைப் பின்னால் மடக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிட வேண்டும். ஒரு நிமிட வேலை. அது நடக்காத பிஞ்சு இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்துவிடும். சுரையும் புடலையும்கூட அந்தி சாயும்போது பூப்பவைதான். ஆபீஸ் முடிந்து, ரயில் பிடித்து, ஆறரை மணிக்கு வீடு சேருகிறவர் மேலே போனால் கதவு பூட்டியிருக்கிறது. பந்தல் முழுக்கப் பூத்தும் ஒரு காய்கூட நிற்காத கொடிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, தோட்டம் வேண்டாம் என்பதற்கு நீங்கள் முதலில் சொல்லும் காரணம் ஒழுகல். நியாயமான பயம். மேல் வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தால் அந்த வீட்டுக்காரர் உங்களைத்தான் கேட்பார். ஆனால் நம் ஊர் மாடிகள் பெரும்பாலும் எதனால் ஒழுகுகின்றன? செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட தளம் வயதாகி வெடிக்கிறது. தட்டு ஓடுகளின் இடுக்கில் பூச்சு உதிர்கிறது. மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்து, தண்ணீர் நாள்கணக்கில் தேங்குகிறது. கைப்பிடிச் சுவர் மூலையில் காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்று வேர் விடுகிறது. செடியே இல்லாத மாடியிலும் இவை நடக்கும். அங்கே ஏறிப் பார்க்க ஆளில்லாததால் விஷயம் முற்றிய பிறகுதான் தெரியவரும். தினமும் தண்ணீர் ஊற்ற மேலே போகிறவர்தான் வெடிப்பை முதலில் பார்ப்பார், அடைத்த குழாயைக் குச்சியால் குத்திவிடுவார்.

அதற்காக எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. தளத்தின் மேல் நேரடியாக மண் கொட்டிப் பாத்தி கட்ட அனுமதிக்கவே கூடாது. பைகளும் தொட்டிகளும் இரும்பு ஸ்டாண்டிலோ செங்கல்லிலோ நிற்க வேண்டும், அடியில் காற்று ஓடித் தரை காய வேண்டும், துடைப்பம் நுழைய வேண்டும். மழைநீர்க் குழாயைச் சுற்றி எதையும் வைக்கக் கூடாது. இதையெல்லாம் விதியாக எழுதி ஒட்டுங்கள். மீறினால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்து எடை. ஆட்கள் புழங்கும் மாடி சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்குச் சுமை தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள வளர்ப்புப் பையில் தேங்காய் நார்க் கழிவும் மட்கிய உரமும் கொஞ்சம் செம்மண்ணும் கலந்து நிரப்பினால், நன்றாக நனைந்த நிலையிலும் 15 முதல் 20 கிலோ வரும். சதுர மீட்டருக்கு நான்கு பை என்றால் 80 கிலோவுக்குள் அடங்கிவிடும். அதே பையில் வெறும் மண்ணை நிரப்பினால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் மண் கலவைக்கும் விதி வேண்டும். கட்டடம் பழையது என்றால் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டிய பிறகே ஆரம்பிக்கலாம். பெரிய தொட்டிகள் சுவரும் பீமும் இருக்கும் ஓரமாகப் போகட்டும்.

கொசுவைப் பற்றி ஒரே விஷயம். தொட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கும் தட்டு கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டுத் தண்ணீர் போதும். மூடி சரியில்லாத மேல்நிலைத் தொட்டியில் மலேரியாக் கொசு பெருகும் ஊர் இது. தோட்டக்காரர் அந்த மூடியையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். மாடித் தோட்டத்தை அனுமதிக்கும்போது அது இயற்கைத் தோட்டமாக மட்டுமே இருக்க வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். கடைக் காயில் மருந்து வாடை அடிக்கிறது என்ற வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாடி நம் எல்லோருக்கும் பொதுவானது என்பதுதான் முதல் காரணம். அங்கேதான் குடிதண்ணீர்த் தொட்டி இருக்கிறது, துணி காய்கிறது, சித்திரை வெயிலில் வடாமும் மோர் மிளகாயும் காய்கின்றன. அங்கே பூச்சிமருந்து அடித்தால் அது பக்கத்து வீட்டுத் தட்டுக்கு வரும். இன்னொன்று, மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. மாடியில் விழும் மழை குழாய் வழியாக நம் கிணற்றுக்கும் போருக்கும்தான் இறங்குகிறது. மேலே தூவிய யூரியா கரைந்து எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது பல குடியிருப்புகளுக்கு அந்தப் போர்த் தண்ணீரும் லாரியும்தானே துணை நின்றன?

இயற்கை முறை கடினமும் இல்லை. மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குச் சில துளி சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிப்பு. அதற்கும் மாலை நேரம் வேண்டும், கவனியுங்கள். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பிலேயே பைகளோடு தேங்காய் நார்க் கட்டி, விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை, வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம். ஆர்ஓ கழிவுநீரை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள், உப்பு சேர்ந்து நாளடைவில் வேரைக் கெடுக்கும்.

உரத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் தங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே மட்கச் செய்ய வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. சிறிய குடியிருப்பும் செய்யலாம். துளை போட்ட ஒரு டிரம், காய்கறித் தோலுக்கு மேல் ஒவ்வொரு முறையும் ஒரு கை காய்ந்த சருகு, வாரம் ஒருமுறை கிளறல். சருகு போதுமான அளவு இருந்தால் நாற்றம் வராது. ஈரம் அதிகமானால்தான் வரும். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் கிடைக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது எங்கள் பக்கத்து மக்கள் புகையைச் சுவாசித்தோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி அந்த மலை எழுந்ததில் நம் ஒவ்வொருவர் வீட்டு வாழைப்பழத் தோலுக்கும் பங்கு இருக்கிறது.

மாடியில் வளர்ப்பதை வைத்து ஒரு குடும்பம் முழுக்கச் சாப்பிட்டுவிட முடியாது. அரிசியும் வெங்காயமும் கோயம்பேடு சந்தை வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆனால் கீரை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெண்டை, கத்தரி ஆகியவற்றில் வாரத்துக்குச் சில நாள் சமையல் மேலிருந்தே இறங்கி வரும். முளைக்கீரை 25, 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். 2020 மே மாதம் கோயம்பேடு மூடி, சந்தை திருமழிசைக்குப் போன நாள்களும், 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறி, நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்ற நாள்களும் உங்களுக்கு நினைவிருக்கும்.

என் கோரிக்கை இவ்வளவுதான். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். மாடியில் டேங்குக்கும் துணிக்கொடிக்கும் போக மீதமுள்ள இடத்தில் ஒரு பகுதியைக் கோடு போட்டு ஒதுக்குங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள், ஆர்வம் அவர்களிடம்தான் பல நேரம் அதிகமாக இருக்கிறது. தனிக் குழாய் ஒன்று, உர டிரம்முக்கு ஒரு நிழலான மூலை. பதிவு செய்த தோட்டக்காரர்களுக்கு இரவு 8 மணி வரை கையெழுத்துப் போட்டுச் சாவி. ஒரு வருடம் சோதனையாகப் பாருங்கள். ஒழுகல், கொசு, நாற்றம் என்று எழுத்தில் புகார் வந்து அது உண்மை என்றால் நிறுத்திவிடும் உரிமை உங்களிடமே இருக்கட்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் நம் முன்னோர். ஆடி தொடக்கத்தில் விதை ஊன்றினால் ஐப்பசி அடைமழைக்கு முன்பே வெண்டை பல பறிப்புக் கண்டுவிடும். பைகள் நிரப்ப, கலவை தயாராக, ஒரு மாதமாவது தேவைப்படும். அதனால் தீர்மானத்தை ஆனி பிறப்பதற்கு முன்பே முடித்துக் கொடுங்கள்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து ஓர் அடுக்ககவாசி