அக்கா, இனி முட்டுக் கொடுக்க வேண்டாம்

அன்புள்ள அக்கா,

போதைக்கு அடிமையாகிவிட்ட உங்கள் மகனைப் பற்றி நேற்று இரவு போனில் நீங்கள் கேட்ட கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. "நான் பணம் கொடுக்காவிட்டால் அவன் வெளியே போய்த் திருடுவான். அதற்கு நானே கொடுத்துவிட்டால் என்ன?" என்றீர்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதே கேள்வியோடு விழித்துக் கிடக்கிற வீடுகள் பல இருக்கின்றன என்பதால், உங்கள் சம்மதத்தோடு எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் தம்பியின் கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். அவன் வலி மாத்திரைக்கு அடிமையாகிக் கிடந்த நாட்களில், அவனுடைய அலுவலகத்துக்குப் போன் செய்து லீவு சொன்னவள் நான். காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கணக்கு வைத்திருந்தேன். காய்ச்சல், வயிற்றுக்கோளாறு, கண்வலி, பல் பிடுங்கியது. ஒரே காரணத்தை அடுத்தடுத்துச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஒரு திங்கட்கிழமை எந்தக் காரணமும் மிச்சமில்லாமல் "சித்தப்பா இறந்துவிட்டார்" என்று சொன்னேன். சித்தப்பா உயிரோடு இருந்தார். அதைத் தாளில் குறிக்கும்போது பென்சில் முனை ஒடிந்தது. அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அவன் வேலையைக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தேன். அந்தச் சம்பளம்தான் மாதாமாதம் மாத்திரையாக மாறிக்கொண்டிருந்தது. சாய்கிற சுவருக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தால் சுவர் நிற்கும். நிற்கிற சுவரைச் சரிசெய்ய யாருக்கும் அவசரம் வராது. தம்பிக்கும் வரவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உடம்பு பழகப் பழக, அதே போதைக்கு அளவு கூடிக்கொண்டே போகும். இன்று நீங்கள் கொடுக்கிற தொகை அடுத்த மாதம் அவனுக்குப் போதாது. கொடுத்துக்கொண்டே இருக்கும்போதுதானே உங்கள் அலமாரியிலிருந்து வளையல் காணாமல் போனது? நீங்கள் கொடுப்பது திருட்டைத் தடுக்கவில்லை, அக்கா. தள்ளிப்போடக்கூட இல்லை.

ஆகவே கையில் பணம் வேண்டாம். டாக்டருக்கான கட்டணத்தை நீங்களே நேராகக் கட்டுங்கள். பசித்தால் சோறு போடுங்கள், அதில் தப்பே இல்லை. அவன் வாங்கிய கடனை அடைக்காதீர்கள். அலுவலகத்திலிருந்து போன் வந்தால் அவனிடமே கொடுங்கள். இதையெல்லாம் அவன் போதையில் இருக்கும்போது பேச வேண்டாம். தெளிந்திருக்கும் நேரத்தில், நான்கே வாக்கியத்தில், குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். அவன் அடிக்க வந்தால் பேச்சை விட்டுவிட்டு வெளியே வந்து உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். அத்தானிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். நீங்கள் மறுத்ததை அவர் ரகசியமாகக் கொடுத்தால், உங்கள் "இல்லை"க்கு அந்த வீட்டில் மதிப்பே இருக்காது. எங்கள் வீட்டில் அம்மா தலையணைக்கு அடியில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்வதைக் கேட்டு எதிர்ப்பக்கம் போய்விடாதீர்கள் என்பதுதான் என் பெரிய பயம். "விரட்டிவிடு, அடிபட்டால் திருந்துவான்" என்று உறவினர்கள் சொல்வார்கள். அறையில் பூட்டி வைக்கச் சொல்வார்கள். பூட்டவே பூட்டாதீர்கள். நாள்பட்ட குடியையோ சில வகைத் தூக்க மாத்திரைகளையோ திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். ஹெராயின், மார்ஃபின் வகைப் போதையில் ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கிறது. சில வாரம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடி அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அந்த நேரத்தில் உயிரைத் திருப்பித் தரும் மருந்தின் பெயர் நலாக்சோன். அது கிடைக்குமா, எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். மயங்கிக் கிடப்பவரைக் காப்பாற்றுவது முட்டுக் கொடுப்பதாகாது. அதில் தயங்கவே கூடாது.

விரட்டவும் வேண்டாம், தாங்கவும் வேண்டாம் என்றால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். ராபர்ட் மேயர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் குடும்பத்தாருக்கென்றே ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். போதைக்கு அடிமையானவர்கள் தெளிவாக இருக்கும் நேரத்தில் அவர்களோடு மனம் விட்டு இருப்பது, போதையில் இருக்கும்போது அந்த அன்பை அமைதியாக விலக்கிக்கொள்வது, போதையின் விளைவுகளை அவர்களே சந்திக்க விடுவது, மனம் இளகும் தருணத்தில் சிகிச்சைப் பேச்சை எடுப்பது. சிகிச்சைக்கு வர மறுத்த குடிப்பழக்கக்காரர்களின் உற்றார் 130 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. இந்த முறையைக் கற்றவர்களின் வீடுகளில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்து குடிப்பவரை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் முறையில் வந்தவர்கள் 30 சதவீதம்தான். இந்த எண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கத்தியே சாதிக்கலாம் என்று நம்பி எத்தனை இரவுகளை வீணடித்தேன்!

தம்பிக்கு வேலை போயிற்று. நான் போன் செய்வதை நிறுத்திய இரண்டாவது மாதம். அன்று அவன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகுதான் ஒரு நாள் விடியற்காலையில் என் அறை வாசலில் வந்து உட்கார்ந்து, "என்னை எங்கேயாவது கூட்டிப்போ" என்றான். போனோம். அதன் பிறகும் இரண்டு முறை விழுந்தான். இரண்டு முறையும் அவனே டாக்டரிடம் போனான். கூட வரச்சொன்னால் போனேன்.

இன்னொன்று. குடிநோயாளிகளின் குடும்பங்களுக்காக 1951இல் லோயிஸ் வில்சன் தொடங்கிவைத்த அல்-அனான் கூட்டங்களில் ஒரு வார்த்தை சொல்வார்கள்: இதற்கு நீ காரணமில்லை, இது உன் கட்டுப்பாட்டிலும் இல்லை, இதைக் குணமாக்குவதும் உன்னால் ஆகாது. முதல் பகுதியை மட்டும் இன்று படித்துக்கொள்ளுங்கள். "என் வளர்ப்பு சரியில்லை" என்று நேற்று நான்கு முறை சொன்னீர்கள்.

திங்கட்கிழமை காலை அவன் அலுவலகத்திலிருந்து போன் வரும் என்றீர்கள். போனை அவன் கையில் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை