புள்ளி 9ன்னா மார்க்கு இல்ல தம்பி

அன்பு மகன் தம்பிக்கு,

நல்லா இருக்கியா, அங்க குளிரு எப்படி இருக்கு. இங்க ஆத்தாவும் நானும் சௌக்கியம். நேத்து ராத்திரி நல்ல மழ, வளவு முத்தத்துல நின்ன தண்ணி இப்பத்தான் வடிஞ்சுச்சு. நீ அனுப்புன எக்ஸெல் ஃபைல பக்கத்து வீட்டுப் பையன் லேப்டாப்புல தொறந்து காமிச்சான். 1994லேர்ந்து கணக்கு நோட்டுல நான் கிறுக்கி வச்ச ஆட்டத்தையெல்லாம், பொங்கலுக்கு வந்த பத்து நாள்ல போட்டோ புடிச்சுட்டுப் போயி வரி வரியா ஏத்திருக்க, அந்தப் பொறுமைக்கே ஒனக்கு ஒரு சபாஷ். ஆனா தப்பு இருக்கு, சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது.

தாயத்துக்கெல்லாம் ஸ்கோருன்னு ஒரு கட்டம் போட்டு 9, 11, 4ன்னு ஏத்தி அதுக்கு சராசரி வேற எடுத்து வச்சிருக்க. தாயத்துல ஏதுடா ஸ்கோரு? ஆறு காயும் சுத்தி வந்து பழமாச்சுன்னா ஜெயிப்பு, இல்லன்னா இல்ல. நோட்டுல "புள்ளி 9"ன்னு நான் எழுதுனது அன்னைக்கு வீட்டுல இருந்த புள்ளிய. கல்யாணம் ஆன ஜோடி ஒரு புள்ளி, கோயிலுக்குப் புள்ளி வரி குடுக்குறமே அந்தப் புள்ளி. நகரத்தார் வீட்டுப் புள்ள இதப் போயி மார்க்குன்னு நெனச்சியேன்னு ஆத்தா சிரிச்ச சிரிப்புல காப்பி பொரையேறிப் போச்சு. 2003ல முன்னோருக்குப் படைச்ச படைப்புக்கு புள்ளி 9, எல்லாருக்கும் எடம் பத்தாம ஆத்தங்குடிக் கல்லு மேல சாக்பீஸ்ல ரெண்டு தாயக்கட்டம் போட்டு ஆடுனோம், நீ ஒங்க அயித்தை காய வெட்டிட்டு ரெண்டாங்கட்டுக்கு ஓடி ஒளிஞ்ச. கீழ வர வர அந்த எண்ணு கொறையிறத கிராஃபு போட்டு "அப்பச்சி ஃபார்ம் டல்லாயிட்டு வருது"ன்னு எழுதிருக்கியே, அது ஒவ்வொரு புள்ளியா மெட்ராஸு மலேசியா அமெரிக்கான்னு போனது. கடேசில 2ன்னு இருக்கு பாரு, அது நாங்களும் ஒங்க பெரியப்பா பெரியம்மாவும்.

அடுத்தது நிலுவை. முடியாத ஆட்டத்தையெல்லாம் நீ ஏத்தவே இல்ல, கேட்டா முடிஞ்சாத்தான் ஒரு ஆட்டம், அதான் அங்க வழக்கம்ங்குற. இருக்கட்டும், நம்ம கணக்குல வராத பாக்கிய யாரும் வரலங்குறதுக்காக கிழிச்சுப் போடுறது இல்ல, அடுத்த ஏட்டுக்குக் கொண்டு போவாக. பல்லாங்குழிய எடுத்துக்க. ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு அஞ்சு, மொத்தம் எழுவது சோழி, ஒரு சுத்து முடிஞ்சதும் தோத்தவுக கையில இருக்குறத வச்சு எத்தன குழி ரொம்புமோ அத்தன குழியோட அடுத்த சுத்து ஆடணும். ஒங்க அப்பத்தா ஒரே ஒரு குழிய வச்சுக்கிட்டு மூணு நாளு இழுத்து திரும்ப ஏழு குழியும் மீட்டாக. நீ அதே ஆட்டத்த சுத்துக்கு ஒன்னா பதினோரு ஆட்டம்னு ஏத்தி பத்துல அப்பத்தா தோத்ததா காமிச்சிருக்க. அவுக இருந்திருந்தா ஒன்ன விட்டுருப்பாகளா?

அப்புறம் கட்டான், சரக்கு மாத்தி ஊரு கட்டுற அந்த போர்டு ஆட்டம். சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு, ஆனாலும் சொல்றேன். ஆட்டக் குடுத்து செங்கல் வாங்கி மொத தடவையிலேயே பத்துப் புள்ளி எடுத்து நாந்தான ஜெயிச்சேன்? (இது மார்க்குப் புள்ளிதான், கொழப்பிக்காத.) அத மட்டும் "பழக்க ஆட்டம், கணக்குல இல்ல"ன்னு ஒதுக்கிருக்க. மறுநா நீ ஜெயிச்சது மட்டும் கணக்குல இருக்கு. பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன ஆளுக பேரன்கிட்ட யாவாரம் பழக்கமான்னு கேக்குறியா.

எச் இண்டெக்ஸுன்னு ஒன்னு போட்டு எனக்கு 6, ஒனக்கு 11ன்னு காமிச்சிருக்கியே, அத ரெண்டு தடவ படிச்சுப் பாத்தேன். பதினோரு வகை ஆட்டத்த ஒவ்வொன்னையும் பதினோரு தடவையாச்சும் ஆடிருந்தா 11, அப்படித்தான? எனக்குத் தெரிஞ்சதே தாயம், பல்லாங்குழி, ஆடு புலி, பரமபதம், செஸ், கேரம்னு ஆறு. தாயம் மட்டும் 412 ஆட்டம் ஆடிருக்கேன், இன்னும் நானூறு ஆடுனாலும் அந்த 6 நகராது. என்ன கணக்கோ போ. கட்டான் ஏழு தடவ ஆடுனாத்தான் 7 ஆகுமாம், நீ அந்த மொத ஆட்டத்த கணக்குல சேத்தியன்னா பாக்கி அஞ்சு.

ஆனா ஒன்னு, தாயம், அதாவது ஒன்னு, விழ எத்தன உருட்டுன்னு நான் ஓரத்துல குறிச்சு வச்சத வச்சு நீ போட்ட கணக்கு பிரமாதம்பா. நாலு பக்கத் தாயக்கட்டை ரெண்டும் சேந்து பதினாறு விதமா விழும், அதுல தாயம் ரெண்டு, அதாவது எட்டுக்கு ஒன்னு, பன்னெண்டு விழுறது ஒன்னே ஒன்னு. ஆத்தா ஒரு தடவ 23 உருட்டு தாயமே விழாம உக்காந்திருந்துச்சு, நான் கட்டைய மாத்திட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் எம்மேல சந்தேகம். நூத்துக்கு அஞ்சு தடவ அப்படியும் நடக்கும்னு நீ எழுதிருந்தத ரெண்டு தடவ சத்தமா வாசிச்சுக் காமிச்சேன். நம்பல.

திருத்துறப்ப பழச அழிச்சுறாத. மேல ஒரு கோடு இழுத்து பக்கத்துல சரியானத எழுதுற மாதிரி அந்த ஃபைல்ல வழி இருந்தா அப்படிச் செய்யி. பொங்கலுக்கு நாம ஆடுனதையும் சேத்துரு, திருச்சி ஏர்போட்டுக்கு டாக்ஸி வந்துருச்சுன்னு பாதியில எந்திரிச்சியே, அது நிலுவைதான். ஒனக்கு நாலு பழம், ஒரு காய் வெட்டுப்படாத மலைக் கட்டத்துல, ஒன்னு எங்காய்க்கு மூணு கட்டம் பின்னாடி. எனக்கு மூணு பழம். உருட்டு ஒன்னுது. பித்தளைக் கட்டை ரெண்டும் பெட்டியில இல்ல, பட்டாலை முழுக்க தேடிட்டோம், ஒன் பையில ஒரு தடவ பாரு.

அப்பச்சி