புரட்டாசி முடிவதற்குள் அந்த வண்டியை வாங்கியாக வேண்டும்

தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த் வட்டாரத்து அண்ணன்மார், அக்காமார், பெரியோர் எல்லோருக்கும் கோயில் உதவிக் குழுவின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர்களுக்காக நாம் பார்த்து வைத்திருக்கும் வண்டியின் விலை 3,85,000 ராண்ட். கையில் இருப்பது 2,71,400. குறைவது 1,13,600. வண்டியை விற்பவர் புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை வரைதான் இந்த விலைக்கு நிறுத்தி வைப்பாராம். அவரைக் குறை சொல்ல முடியாது, ஏற்கெனவே இரண்டு முறை நமக்குக் கெடு நீட்டிக் கொடுத்துவிட்டார்.

மருத்துவமனையில்தான் மெஷின் இருக்கிறதே, வண்டி எதற்கு என்று போன கூட்டத்தில் ஒரு தாத்தா கேட்டார். நியாயமான கேள்வி. சிறுநீரகம் செயலிழந்தவர் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் போல, அந்த மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். ஒரு முறை தவறினாலே உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும், பொட்டாசியம் கூடி இதயமே நின்றுவிடலாம். சரி, போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரம் கழித்து எழுந்திருக்கும்போது இரத்த அழுத்தம் இறங்கிக் கால் தள்ளாடும். அந்த நிலையில் இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறி, நெரிசலில் இடிபட்டு, பையைக் கையில் மாட்டிக்கொண்டு வீடு வருகிறார்கள் நம் ஆட்கள்.

அந்தக் கைதான் அவர்களுக்கு உயிர். கையில் ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஃபிஸ்டுலா என்று ஒன்று செய்கிறார்கள். அது தடித்து ஊசி குத்தும் பதத்துக்கு வர ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். மேலே விரல் வைத்தால் உள்ளே வண்டு இரைவது மாதிரி அதிரும். அதிர்வு நின்றால் இரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, உடனே ஓட வேண்டும். அது கெட்டால் கழுத்தில் குழாய் போடுவார்கள், அதில் கிருமி புகுந்தால் வேறு பாடு. ஷுகர்காரர்களுக்கு இரத்தக் குழாய்கள் முன்னமே சுருங்கிச் சுண்ணாம்பு படிந்திருக்கும். கை சில்லிட்டு வலிக்கும், காலில் வந்த புண் ஆறாது, கடைசியில் விரலையோ காலையோ எடுக்கும்படி ஆகிவிடும். ஷுகர் இல்லாத வீடு நம் தெருவில் எத்தனை இருக்கிறது, நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இடையில் ஒரு வார்த்தை. காவடிக்குப் பெண்களுக்கு இடக்கையில் காப்புக் கட்டுகிறோம், ஃபிஸ்டுலாவும் பெரும்பாலும் இடக்கையில்தான் இருக்கும். ஐயரிடம் சொல்லி மறு கையில் கட்டச் சொல்லுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம், பாசத்தில் அவர்கள் கையில் வாழைப்பழமும் இளநீரும் திணிக்காதீர்கள். பிரசாதம்தான், ஆனால் அவற்றில் இருக்கும் பொட்டாசியம் அவர்களுக்கு விஷம்.

தியாகராஜ் சுப்பிரமணியை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டர்பன்காரர், 41 வயது, வேலை இல்லை, ஷுகர், இதய நோய், பக்கவாதம், 1996-இல் சிறுநீரகமும் போனது. தனியாரிடம் பணம் கட்டி டயாலிசிஸ் செய்துகொண்டார், பணம் தீர்ந்தது. அரசு மருத்துவமனையில் மெஷின் குறைவு என்பதால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுந்தவர்களுக்கே முன்னுரிமை, இதயமும் இரத்தக் குழாய்களும் கெட்டவருக்கு இடம் கிடைக்கவில்லை. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய் 1997 நவம்பரில் தள்ளுபடியானது, கொஞ்ச நாளில் அவரும் போய்விட்டார். தீர்ப்பைப் பற்றிப் பேச நாங்கள் வழக்கறிஞர்கள் இல்லை. அந்தப் பணம் தீர்ந்த இடம் மட்டும் எங்களை இன்னும் உறுத்துகிறது.

நாம் யார் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1860 நவம்பர் 16-இல் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்கள் கரும்புக் காட்டில் முதுகு ஒடிந்த சம்பளத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கோயில் எழுப்பினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றபோது, பாதிப் பணம் நீங்கள் திரட்டினால் மீதி நாங்கள் என்றது அரசு, அவர்கள் ஆளுக்கொரு ஷில்லிங்காகச் சேர்த்துக் கட்டிக் காட்டினார்கள். டர்பனில் நாம் குடியிருந்த மேகசின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நிறவெறி அரசு நம்மைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து போட்டபோதும் சாமியை விட்டுவிட்டு வரவில்லை. அவர்கள் பேரன் பேத்திகளுக்கு ஒரு வண்டி வாங்க முடியவில்லையா?

இந்த யோசனை பிறந்ததே 2021 ஜூலைக் கலவரத்தின்போது. சாலை மூடிக் கிடந்தது, பெட்ரோல் இல்லை, நம் பையன்கள் சொந்தக் காரில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு சுற்று வழியாகப் போனார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்திலும் அப்படியே. அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? மாதாமாதம் பென்ஷனில் 50 ராண்டைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவரும் அந்த ஆயாவுக்கு, மூன்று சனிக்கிழமை விடியற்காலையிலேயே வந்து சமோசா மடித்து விற்ற மாதர் குழுவுக்கு, கார் கழுவி 4,200 ராண்ட் சேர்த்த பிள்ளைகளுக்கு, வண்டியின் அடியில் படுத்துப் பார்த்து இன்ஜின் நல்லது என்று சொல்லிக் கூலி வாங்காமல் போன மெக்கானிக் தம்பிக்கு, ஜொகானஸ்பர்க்கிலிருந்து அனுப்பிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, பெயர் வேண்டாம் என்று உறையில் 10,000 போட்டுவிட்டுப் போனவருக்கு, எல்லோருக்கும் அம்மன் துணை. டீசலும் இன்சூரன்ஸும் உண்டியலிலிருந்து தருவதாகக் கோயில் நிர்வாகம் எழுதிக் கொடுத்திருக்கிறது, அதற்கும் நன்றி.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். ஆடிக் கஞ்சி அன்று இவ்வளவு தருகிறேன் என்று மைக்கில் பெயர் சொல்லி, கைதட்டல் வாங்கிக்கொண்டு, இன்றுவரை தராதவர்கள் 19 பேர். அந்தத் தொகை மட்டுமே 46,000. கஷ்டம் என்றால் தனியாக வந்து சொல்லுங்கள், பெயரை எடுத்துவிடுகிறோம், யாரிடமும் பேச மாட்டோம். ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு ஹால் பிடித்தவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

புரட்டாசி விரதத்தில் வீட்டில் மிச்சமாகும் கறிக் காசைக் கொடுத்தாலும் போதும். வெள்ளி மாலை பூஜைக்குப் பிறகும் சனி காலை 8 மணி முதலும் கோயில் அலுவலக மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சில்லறையும் வாங்குவோம். ரசீது வாங்காமல் போகாதீர்கள், பெயர் வேண்டாம் என்றால் ‘அடியார்’ என்று எழுதித் தருவோம்.