எந்த மாஜிஸ்திரேட்னு போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரே பக்கத்துல ரெண்டு செய்தி, மேல லாக்கப் மரணம், கீழ கல்யாணமாகி 3 வருஷத்துல இறந்துபோன ஒரு பொண்ணு விஷயம், ரெண்டுலயும் கடைசி வரி ஒண்ணுதான், "மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கிறது". டீக்கடையில படிக்கிறவங்க ரெண்டும் ஒரே ஆளுன்னுதான் நினைப்பாங்க, எங்க கடையில அப்படித்தான் பேசிக்கிட்டாங்க.

மேல உள்ளவர் கோர்ட்ல உக்காந்து கேஸ் கேக்குற ஜே.எம்., அதாவது ஜுடீசியல் மாஜிஸ்திரேட், கீழ உள்ளவர் வருவாய்த்துறை ஆர்.டி.ஓ., அவர் நிர்வாக மாஜிஸ்திரேட். கல்யாணமாகி 7 வருஷத்துக்குள்ள பொண்ணு இறந்தா ஆர்.டி.ஓ. விசாரிப்பாரு. லாக்கப் சாவையும் முன்னாடி அவங்கதான் விசாரிச்சாங்க, 2006-லேர்ந்து அது ஜுடீசியல் மாஜிஸ்திரேட் கைக்கு போயிடுச்சு. பின்ன, கலெக்டர், ஆர்.டி.ஓ., தாசில்தார் எல்லாம் அரசாங்கத்து ஆளுங்க, போலீசும் அரசாங்கத்து ஆளுங்க, ஜே.எம். மட்டும்தான் ஹைகோர்ட்டுக்கு பதில் சொல்றவர். 2020-ல சாத்தான்குளம் அப்பா மகன் சாவுல கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்கே போயி விசாரிச்சாரு, அவரையே மரியாதை இல்லாம பேசிட்டாங்கன்னு அவர் ஹைகோர்ட்டுக்கு ரிப்போர்ட் அனுப்புனாரு, கடைசியில ஸ்டேஷனையே வருவாய்த்துறை கன்ட்ரோல்ல எடுக்க ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு. ரிமாண்ட் பண்றப்பவே, அதாவது விசாரணைக்காக ஜெயிலுக்கு அனுப்புறப்பவே, அந்த ரெண்டு பேர் உடம்பையும் ஒழுங்கா பாத்திருக்க வேணாமான்னு அப்பவே எல்லாரும் கேட்டாங்க.

அந்த பாக்குறதுன்னா என்னன்னு நான் நேர்ல பாத்திருக்கேன். எங்க தெரு பையன் ஒருத்தன அடிதடி கேஸ்ல புடிச்சுட்டாங்க, 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணுமே, அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கோர்ட் லீவு, அதனால ராத்திரி மாஜிஸ்திரேட் அம்மா வீட்டுக்கே கூட்டிட்டு போனாங்க, நானும் பையனோட அம்மாவும் ஒரு லுங்கியும் பிஸ்கட் பாக்கெட்டும் எடுத்துக்கிட்டு கேட்டுக்கு வெளிய நின்னோம். வராண்டாவுல டியூப்லைட் வெளிச்சத்துல எல்லாம் தெரிஞ்சுது. "போலீஸ் அடிச்சாங்களா"ன்னு மாஜிஸ்திரேட் கேட்டாங்க, பையன் ஏட்டய்யா மூஞ்சிய பாத்துட்டு "இல்லைங்கம்மா"ன்னான். அவங்க பேனாவ மூடி வச்சாங்க, போலீஸ்காரங்கள கேட்டுக்கு வெளிய போகச் சொல்லிட்டு மறுபடி கேட்டாங்க. அவன் பேசவே இல்ல, செருப்ப கழட்டி உள்ளங்காலை தூக்கி காமிச்சான். அத எழுதிக்கிட்டு முதல்ல ஜி.எச்.சுக்கு கொண்டு போயி டாக்டர்கிட்ட காட்டச் சொல்லிட்டுத்தான் ரிமாண்ட் போட்டாங்க.

15 நாள்னு காதுல விழுந்ததும் பையனோட அம்மா "விசாரிக்காமலே 15 நாள் தண்டனை குடுத்துட்டாங்களே"ன்னு ரோட்டுலயே உக்காந்து அழுதாங்க. ரிமாண்ட் தீர்ப்பு இல்ல, கேஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, நம்ம பேப்பரும் "நீதிபதி சிறையில் அடைத்தார்"னு தானே போடுது! முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் கேஸ் நடத்தி தீர்ப்பு சொன்னாலும் அதிகபட்சம் 3 வருஷம்தான் குடுக்க முடியும், கொலை கேஸெல்லாம் மேல செஷன்ஸ் கோர்ட்டுக்கு போயிடும்.

இன்னொன்னும் சொல்லிடறேன், குற்றவியல் நடைமுறை சட்டத்துல 107-ம் பிரிவு போட்டு, வம்பு பண்ணாம அமைதியா இருப்பேன்னு பத்திரம் எழுதி வாங்குறது (இப்போ புது சட்டத்துல 126) ஆர்.டி.ஓ. மாதிரி நிர்வாக மாஜிஸ்திரேட் வேலை. அந்த பவர 2013, 2014-ல அரசாணை போட்டு போலீஸ் துணை கமிஷனருங்களுக்கே குடுத்து வச்சிருந்தாங்க, அதாவது புடிக்கிறதும் அவங்க துறை, பத்திரத்த மீறுனா உள்ள போடுறதும் அவங்க துறை. சென்னை ஹைகோர்ட் 2023-ல அத ரத்து பண்ணுச்சு. எங்க கடையில பாதி பேருக்கு இந்த விஷயமே தெரியல.

பேப்பர்ல இடம் கம்மின்னு தெரியும் சார், குற்றவியல் நடுவர், கோட்டாட்சியர்னு நீட்டி முழக்க வேணாம், ஜே.எம்.மா ஆர்.டி.ஓ.வான்னு ரெண்டு எழுத்து சேத்தா போதும், மிச்சத்த டீக்கடையில நாங்க பேசிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்