ராஜகோபுரத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மண்டலாபிஷேகமும் நல்லபடியாக முடிந்தது. மடைப்பள்ளி, தண்ணீர்க் குழாய், வயரிங் வேலைகள் சொன்ன விலைக்கே முடிந்தன; அவற்றை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்பது கோபுர வர்ணத்தைப் பற்றித்தான்.

ஒப்பந்தப்படி ஓர் அடிப்பூச்சு, மேலே இரண்டு பூச்சு. துவாரபாலகர் தோளைக் காவலாளி அண்ணன் கட்டைவிரலால் தேய்த்தார். நீலம் விரலோடு வந்துவிட்டது, உள்ளே வெறும் சிமெண்டு. பினாங்கு மழைக்கு இது எத்தனை நாள் தாங்கும்? கடைசித் தவணையை நிறுத்தினோம்.

மறுநாளே வர்ண வேலை எடுத்த குத்தகையாளர் ஓர் அங்பாவ் உறையோடு, அதாவது பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறையோடு, பொருளாளர் கடைக்கு வந்தார். "சாமி காரியம், பெரிசு பண்ணாதீங்க" என்றாராம். பொருளாளர் உறையைத் தொடவில்லை. நேராகப் போலீசுக்குப் போனார். ஆலயத்தின் பேர் கெட்டது என்று சிலர் கோபப்பட்டீர்கள். 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், 25ஆம் பிரிவைப் பாருங்கள். வாங்காமல் இருந்தால் மட்டும் போதாது. கொடுக்க வந்ததையும் ஆணையத்திடமோ போலீசிடமோ சொல்லியாக வேண்டும்.

சுரண்டி மறுபடி பூச ஆறு வாரம் ஆனது. அதுவரை சாரத்தைப் பிரிக்க முடியவில்லை. கூடுதல் செலவான 31,400 வெள்ளியில் (ரிங்கிட்) பாதிக்கு மேல் சார வாடகைதான். நிறுத்திவைத்த தவணை அதற்கு ஈடாகவில்லை.

எங்கள் தவறும் உண்டு. வர்ண வேலைக்கு வந்த மூன்று விலைகளில் இந்தக் குத்தகையாளருடையதே குறைவு, சரி. ஆனால் இவர் தலைவருக்குச் சம்பந்தி வழி உறவு. விலை பார்த்த அன்றே தலைவர் அதை வாய்விட்டுச் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நான் கூட்டக் குறிப்பில் எழுதாமல் விட்டேன். இன்று தலைவர் மறைத்ததாகப் பேசுகிறார்கள். தவணையை நிறுத்தும் தீர்மானத்தின்போது அவர் எழுந்து வெளியே போய், செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவர் வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது.

கலசங்கள் ஆயர் ஈத்தாம் குடும்பம் ஒன்றின் உபயம். சன்னதிக் கதவு மார்க்கெட் பூக்கடைக்காரர்கள், மணி பட்டர்வொர்த் லாரி ஓட்டுநர்கள், அன்னதான அரிசி ஓய்வுபெற்ற ஆசிரியைகள். வேலையாட்களுக்குத் தினமும் தேநீர் கொடுத்த எதிர்வீட்டுச் சீன அம்மாவின் செலவு எந்தக் கணக்கிலும் இல்லை. உபயதாரர் பெயர்கள் மண்டபப் பலகையில் உள்ளன. ஏதும் விடுபட்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், தலைவரிடம் வேண்டாம்.

பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கு சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். பில்கள் அலுவலகத்தில் பச்சைக் கோப்பில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை இரவு பூஜைக்குப் பின் வந்து பார்க்கலாம், நான் இருப்பேன்.

செயலாளர்